சுத்தமான காது

வெண்ணந்தூர் ரோட்டில் நான் திரும்பியபோது பின்னால் ஒரு நாய்தான் வந்தது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை மதிலைத் தாண்டுவதற்குள் மூன்றாகிவிட்டது. என் கையில் நீல நிறத்தில் ஓர் ஐஸ் பெட்டி. அதற்குள் எட்டு ஆட்டுக் காதுகள். காலை ஏழரைக்கு அவற்றை காலேஜ் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒன்பது மணிக்கு என் வேலை போய்விட்டது. காதுகளை யாரும் வாங்கி வைக்கவில்லை. அவையும் என்னோடு வெளியே வந்துவிட்டன.

வெளியே போகிற பையை எல்லாம் திறந்து பார்ப்பது அந்தக் காலேஜ் வாட்ச்மேனின் வழக்கம். அன்று மூடியைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப மூடினார், போ என்று கையை ஆட்டினார். பெட்டியின் பக்கவாட்டில் காலேஜ் நம்பர் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஒரு வேலையை விட்டு நடப்பது எனக்குப் பழகிய காரியம். எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். பிறகு தறி, கோழிப்பண்ணை, சேகோ ஆலை, முட்டை லாரி. ரிக் வண்டியில் நாலு வருஷம் வடநாட்டில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போட்டுத் திரிந்தேன். இடது கைச் சுண்டுவிரலின் நுனி அங்கேதான் எங்கோ ஒரு பாறைக் கரட்டில் கிடக்கிறது. பல இரவுகள் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். சேலம் புது பஸ் ஸ்டாண்டைவிட நாமக்கல்லில் கொசு குறைவு. எங்கிருந்து கிளம்பினாலும் எங்கே போகிறோம் என்று யோசித்ததில்லை. அன்று மட்டும் போகுமிடம் தெரிந்திருந்தது. வெண்ணந்தூரில் ஓர் அக்காவைப் பார்த்து, நான் முன்பு சொன்ன ஒரு பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அவருடைய கை கெட்டுப்போகும்.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அந்தக் காலேஜ் மருந்துப் படிப்புக் காலேஜ். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எடுபிடி வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் முன்பு சேர்ந்தேன். கூடத்தில் இருந்தவர் ஒரு மேடம். ராசிபுரத்தில் தறிக்காரக் குடும்பம். ஆறு வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். அவருக்கு மேலே ஒரு சார். சார் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் மேடம் முடிக்கவில்லை என்றால் புது ஆளைத் தேடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. தேதி கண்ணில் படக் கூடாது என்று மேடம் சுவரில் காலண்டரைத் திருப்பி மாட்டியிருந்தார்.

மேடத்தின் ஆராய்ச்சி வெண்புள்ளியைப் பற்றியது. உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறது. அது வெளியாளை அடிப்பதற்குப் பதிலாகச் சொந்த ஆளையே அடிக்க ஆரம்பித்துவிட்டால் வருகிற நோய்களில் இதுவும் ஒன்று. தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்களை அது அடித்துத் தள்ளிவிடும், அங்கே வெள்ளையாகிவிடும். தொட்டால் ஒட்டாது. இதை மேடம் சொன்னபோது எங்கள் ரிக் வண்டி ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வெளியூர்க்காரனிடம் ஒரு நாளும் நாங்கள் சண்டைக்குப் போனதில்லை.

கூடத்தில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் ரத்தம். சில குடும்பங்களில் மட்டும் ஏன் இது வருகிறது, பிறவியிலேயே என்ன வித்தியாசம் என்று பார்ப்பது. மறுபக்கம் தோல். நாம் முகத்துக்கும் கைக்கும் பூசுகிற கிரீம் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது தோலின் மேலேயே நிற்கிறதா, தோலைத் தாண்டி உள்ளே போகிறதா? போனால், பிறவியிலேயே அந்த வித்தியாசம் உள்ளவர்களின் காவல்படையை அது சீண்டிவிடுமா? இதுதான் கேள்வி.

ரத்தப் பக்கத்தில் என் வேலை படிவம் நிரப்புவது. ஜேடர்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் வெண்புள்ளி உள்ள ஒருவரிடம் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அண்ணன் தம்பி எட்டுப் பேர் என்றார். எட்டுப் பேரும் அந்த வாரமே வேனில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சோதனை முடிவு வந்தபோது மேடத்துக்கு முகம் வெளிறிவிட்டது. அண்ணன் தம்பி என்றால் ரத்தத்தில் பாதிக்குப் பாதி பொருந்த வேண்டுமாம். இவர்களில் சிலர் ஒட்டவே இல்லை. யாருடைய அம்மாவைப் பற்றி என்ன பேச்சு கிளம்பப் போகிறதோ என்று மேடம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார். அவர்கள் பங்காளிகள் என்றேன். நாலு வீடு, நாலு அப்பா. எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டுப் பையனும் அண்ணன் தம்பிதான், வேறு எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்களா என்று கேட்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு வார்த்தையை நம்பக் கூடாது என்று மேடம் அப்போது கற்றுக்கொண்டார். இன்னொரு வார்த்தையில் கோட்டை விட்டோம்.

தோல் பக்கத்தில் என் வேலை காது. மனிதத் தோல் கிடைக்காது. ஆட்டுக் காதின் தோல் ஓரளவுக்கு அதைப் போல இருக்குமாம். ஆட்டின் முதுகுத்தோலுக்குத் தோல் வியாபாரி காத்துக்கொண்டிருப்பான். காதுக்கு யாரும் காத்திருப்பதில்லை. காதின் தோலை உரித்து, சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றின் வாயில் பறை கட்டுவதுபோல் கட்டி வைப்பார் மேடம். தோலுக்கு மேலே கிரீம், கீழே உப்புத் தண்ணீர். தண்ணீர் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். மணிக்கொரு தடவை ஊசியில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி மெஷினில் வைத்தால், ரசாயனம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

என் சுண்டுவிரலைப் பார்த்துத்தான் மேடம் எனக்குத் தோலை விளக்கினார். தழும்புத் தோல் வேறு, நல்ல தோல் வேறு என்றார். நல்ல தோலில் ஆக மேலே இருக்கிற படலம் முடியைவிட மெல்லிசு. அது செத்த படலம். அந்தச் செத்த படலம்தான் வாசல் கதவு. உயிரோடு இருக்கிறதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்க, செத்தது வாசலில் காவல் நிற்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் படலம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மானி உண்டு. நான் சேருவதற்கு முன்பே அது ரிப்பேருக்குச் சென்னை போயிருந்தது. இன்றுவரை வரவில்லை.

எனக்கு முன்னால் இருந்த எடுபிடி எங்கிருந்தோ முடியோடு காது வாங்கி வருவானாம். நான் சேர்ந்த அன்று, அவன் வைத்துவிட்டுப் போன காதுகளில் மேடம் உட்கார்ந்து கத்தரியால் முடியை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. முட்டை லாரிகள் ஓடுகிற ஊரில் பிறந்து முட்டை தின்னாதவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் வெட்டுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூட்டுரோட்டில் எனக்குத் தெரிந்த கறிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய், காலேஜுக்கு எட்டுக் காது வேண்டும், சுத்தமாக வேண்டும் என்றேன். அவர் எட்டுக் காதும் சுத்தமாகக் கொடுத்தார். ஒரு முடி இல்லை. மேடத்துக்குச் சந்தோஷம். முடியெல்லாம் எங்கேண்ணா என்றார். சுத்தம் பண்ணித்தான் தருவாருங்க மேடம் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

அதற்கு முன் ஒன்றும் இறங்காமல் இருந்த கிண்ணங்களில் ரசாயனம் கொட்ட ஆரம்பித்தது. மேடம் மெஷினை மூன்று முறை கழுவிப் பார்த்தார். மூன்று முறையும் கொட்டியது. சார் ஓடி வந்தார். உலகத்தில் யாரும் இவ்வளவு பார்த்ததில்லை என்றார். என்னதான் மாறியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்து, ஆள் மாறியிருக்கிறான் என்று கண்டுபிடித்தார். என் தோளில் தட்டி, உன் கைராசிடா என்றார். அந்தக் கூடத்தில் எட்டு மாதம் நான் கைராசிக்காரனாக இருந்தேன். பக்கத்துக் கூடத்தில் புது மெஷினுக்குப் பூஜை போட்டபோது சுவிட்சைப் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

கைராசி வந்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. ரத்தம் எடுக்கப் போன வெண்ணந்தூர் அக்காவுக்குக் கையில் வெண்புள்ளி. புருஷனும் அவருமாக நாலு விசைத்தறி ஓட்டுகிறார்கள். டாக்டர் கொடுத்த களிம்பு ஒன்றை ஒரு வருஷமாகப் பூசி வந்தார். புள்ளியின் ஓரத்தில் நிறம் திரும்ப ஆரம்பித்திருந்தது. டீ குடித்துக்கொண்டே நான் பெருமையாக, கிரீமில் போடுகிற மருந்து தோலில் சல்லடையில் ஊற்றின தண்ணீர் மாதிரி இறங்குகிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அந்த அக்கா அன்று சாயங்காலமே வீட்டில் பசை போல இருந்த அத்தனையையும் குப்பைக்குழியில் போட்டுவிட்டார். முகத்துக் கிரீம், வெடிப்புக்கு வைத்திருந்த கிரீம், புருஷன் சவரம் பண்ணுகிற கிரீம், டாக்டர் களிம்பு. பற்பசையைக் கடைசி நிமிஷத்தில் புருஷன் காப்பாற்றினாராம்.

இதெல்லாம் எனக்கு ஆடி மாதம் இரண்டாம் தடவை ரத்தம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அவர் புருஷன் தாடியோடு உட்கார்ந்திருந்தார். வேண்டுதலா என்று கேட்டேன். வேண்டுதல் இல்லை, உன்னுடைய ஆராய்ச்சி என்றார். அக்கா கையை நீட்டிக் காட்டினார். திரும்பி வந்த நிறம் மறுபடி போயிருந்தது. ஆனாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே விஷம் போவதைவிட இது தேவலை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு நம்பிக்கை.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் கறிக்கடைக்காரர் போன் பண்ணினார். நாளைக்குக் கூட்டம், ஏழு மணிக்கு வந்தால் காது இருக்காது, அஞ்சு மணிக்கே வா என்றார். போனேன். கடைக்குப் பின்னால் வரிசையாக ஆட்டுத் தலைகள். வாட்டுகிற ஆள் ஒருவன் காஸ் சிலிண்டரில் குழாய் மாட்டி, நீலத் தீயைத் தலைகள் மேல் பிடித்துக்கொண்டிருந்தான். முடி பொசுங்கிச் சுருண்டது. காது தீயில் பட்டதும் விறைத்து நிமிர்ந்தது. பிறகு கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்து, கழுவி, காதை அறுத்து என் பெட்டியில் போட்டான்.

இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் தலையும் காலும் இப்படித்தான் சுத்தமாகும், வேறு எப்படியும் ஆகாது. ஆனால் அன்று அந்தக் காது நிமிர்ந்ததைப் பார்த்தபோது மேடம் சொன்ன கதவு ஞாபகம் வந்தது. முடியைவிட மெல்லிசான கதவு. எட்டு மாதமாக நான் கதவை எரித்துவிட்டு வீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எல்லாம் உள்ளே போகிறதே என்று அங்கே ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டுக் காதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் நிறைய யோசித்தேன். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த மாதம் மேடம் இதைத் தேர்வுக் குழுவின் முன்னால் வைப்பார், பட்டம் வாங்குவார், சார் மாலையோடு வீட்டுக்குப் போவார். சொன்னால் எட்டு மாத வேலை குப்பை. ராசிபுரத்தில் இறங்கி அப்படியே வேறு பஸ் ஏறிவிடலாம் என்றும் தோன்றியது. அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் தாடிக்காரர் கண்ணுக்குள்ளேயே நின்றார். இதை மேடம் எழுதிவிட்டால் எத்தனை ஊரில் எத்தனை பேர் களிம்பைக் குழியில் போடுவார்கள்?

காலேஜ் பஸ் ஏறினேன்.

மேடம் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

"மேடம், காது சுத்தம் பண்றாங்கன்னு சொன்னனுங்களே, அது எப்படிப் பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"ஷேவ் பண்றாங்க, அதானேண்ணா?"

"ஆட்டுக்கு யாருங்க மேடம் சவரம் பண்ணுவாங்க? வாட்டுவாங்க."

"வாட்றதுன்னா?"

"தீயில."

மேடம் குழாயை மூடினார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். அழப் போகிறார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்தார். தீ எவ்வளவு தூரத்தில் பிடிப்பார்கள், எவ்வளவு நேரம், காது உள்பக்கம் படுமா வெளிப்பக்கம் படுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அப்புறம் என்ன பண்ணுவார்கள் என்றார். சுரண்டி மஞ்சள் தேய்ப்பார்கள் என்றேன்.

"மஞ்சளா?"

பழைய நோட்டு ஒன்றைத் தேடிப் பிரித்து என்னிடம் காட்டினார். இங்கிலீஷில் ஒரு வரியின் கீழே கோடு போட்டிருந்தது.

"தோல் லேசா மஞ்சளா இருக்குதுன்னு எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேண்ணா. இந்தப் பக்கத்து ஆட்டோட நெறமே இதுதானாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருஷம், கடைசியில் தலைக்கறியில் வந்து நிற்கிறது என்றார். அந்த நேரத்தில் சார் உள்ளே வந்தார்.

சாரிடம் மேடமே சொன்னார். சார் என்னைப் பார்த்தார். குழுவில் இருக்கிறவர்களிடம் ஏற்கெனவே போனில் சொல்லிவைத்திருந்தாராம். எட்டு மாதமாகத் தீயில் சுட்ட தோலைக் கொடுத்திருக்கிறாயே, படிக்காத ஆளை வைத்தால் இப்படித்தான், அறிவு வேண்டாமா என்றார். சுத்தம் என்றால் சுத்தம்தானே, தீ எங்கே வந்தது என்று சத்தம் போட்டார். இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருந்தால் இன்றும் அங்கே வேலையில் இருந்திருப்பேன்.

"சார், நீங்க ஞாயித்துக்கெழமை அந்தக் கடையிலதானுங்க தலைக்கறி வாங்கறீங்க. அதுல என்னைக்காச்சும் முடி இருந்துச்சுங்களா?"

மேடம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சார் அதைப் பார்த்துவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பிறகு நாளை எதற்கு, இப்போதே போ என்றார். நான் வந்துவிட்டேன். பெட்டி கையிலேயே இருந்தது.

வெண்ணந்தூர் போய்ச் சேரும்போது நாய் ஐந்து. தறிச் சத்தத்தில் அவை உள்ளே வராமல் நின்றுவிட்டன. அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நீ சொன்னது பொய்யா சாமி?"

"பொய்யில்லீங்க்கா. எறங்குனது நெசந்தான். ஆனா அது வெந்த தோலு. உங்க கையி வேகலீங்களே. டாக்டர் களிம்ப இன்னைக்கே வாங்கிப் பூசுங்க. சந்தேகமா இருந்தா டாக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுக்குங்க. என்ற பேச்ச மட்டும் கேக்காதீங்க."

அக்கா தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளே போய் மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து புருஷனிடம் கொடுத்தார். ராசிபுரம் போய் இதை வாங்கி வா, வரும்போது உனக்கும் ஒரு சவரக் கிரீம் வாங்கிக்கொள் என்றார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, இது இருக்கட்டும், பழகிவிட்டது என்றார்.

பிறகு அவர் கண் பெட்டியில் விழுந்தது. என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். ஒரு காதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாச் சுத்தம் பண்ணிருக்கறானே."

எட்டு மாதத்தில் அந்தக் காதுகளைப் பார்த்து ஒருவர் சரியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சமையலுக்கு அதைவிடச் சுத்தமான காது எங்கும் கிடைக்காது. அவர் மருந்து வாங்கப் போய் வருவதற்குள் அக்கா காதுகளைப் பொடியாக அரிந்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்துவிட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆராய்ச்சியில் தேறாத காது வாணலியில் நன்றாகவே தேறியது. மென்றால் நறுக்நறுக்கென்றது. குருத்தெலும்பை வெளியே நின்ற ஐந்துக்கும் பங்கு வைத்தேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேடம். எடுத்ததும் பெட்டி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் நம்பரைப் பார்த்தேன். இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றேன். பெட்டி கிடக்கட்டும், காதும் இருக்கிறதா என்றார்.

"காது... எதுக்குங்க மேடம்?"

"சாரும் நானும் பேசினோம்ணா. இது முச்சூடும் வீண் போகாது. வாட்டுன தோல்ல எவ்ளோ எறங்குது, வாட்டாத தோல்ல எவ்ளோ எறங்குதுன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டலாம். கதவு இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு அப்பத் தெரியுமில்ல? வாட்டுனது உங்ககிட்ட எட்டு இருக்குதே."

நான் வாயில் ஒட்டியிருந்த மிளகை நாக்கால் எடுத்தேன்.

"இருந்துச்சுங்க மேடம்."

ருசியா இருந்துச்சாண்ணா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். முட்டை தின்னாதவர் அதற்கு மேல் விவரம் கேட்கவில்லை. வாட்டினது நாலு, வாட்டாதது நாலு வேண்டும் என்றார். இரண்டும் ஒரே ஆட்டினுடையதாக இருந்தால் ரொம்ப நல்லது, ஆடு மாறினால் தோல் மாறும் என்றார். வேலைக்கு உங்களை சார் திரும்பக் கூப்பிடுவாரா தெரியவில்லை, நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். வேண்டாங்க மேடம், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்காது என்றேன்.

சாயங்காலம் பஸ் பிடித்துக் கூட்டுரோட்டுக்குப் போனேன். ஆடிப் பதினெட்டுக் கூட்டம் முடிந்து, கறிக்கடைக்காரர் மரக்கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். முடியோடு காது வேண்டும் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"முடியோட ஒரு உருப்படி எங்கடைய உட்டு வெளிய போனதில்ல சாமி. எங்கப்பன் காலத்துலயும் போனதில்ல. காலேசுக்காரங்க நாளைக்கு வெளிய சொன்னா எம்பட பேரு என்னாகறது?"

காலேஜில் அதைத்தான் நல்லது என்கிறார்கள் என்றேன். படித்தவர்கள் கெட்டுப்போனால் அப்படித்தான் என்றார். ஒரே ஆட்டில் ஒரு காது வாட்டியும் ஒரு காது வாட்டாமலும் வேண்டும் என்று மீதியையும் சொன்னேன். எனக்கு வெயில் ஏதும் பட்டுவிட்டதா என்று கேட்டார். எட்டு மாதம் வாங்கின பழக்கத்துக்காக உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் அவருடைய கவலையைச் சொன்னார். வாட்டுகிற ஆள் மத்தியானம் ஒரு ரிக் வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டானாம். போர் போட வடக்கே போகிறான். சொல்லாமல் போய்விட்டான். அவனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைக்காரர் கீழே வைத்த கத்தியை எடுத்துத் துடைத்தார். பிறகு அவர் சொன்னார்.

"நீ வாட்டறயா? விடியால அஞ்சு மணிக்கு வந்தறோணும். தலை கால் முச்சூடும் எனக்குச் சுத்தமா வந்தறோணும். தீயப் பத்த வக்கறதுக்கு முன்னால நீ பொறகால நின்னு என்ன பண்றயோ, அது எனக்குத் தெரியாது."

செரிங்க என்றேன். கடையின் பின்கட்டிலேயே படுத்துக்கொண்டேன். கொசு நாமக்கல் பஸ் ஸ்டாண்டை விட அதிகம்.

மறுநாள் அஞ்சு மணிக்கு நாலு தலைகளை எனக்கென்று தனியாக எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் இடது காதைத் தீ படுவதற்கு முன் அறுத்து, முடியும் உண்ணியுமாக, கழுவாமல் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தேன். பிறகு காஸைத் திறந்து பற்றவைத்தேன். ரிக் வண்டியில் வெல்டிங் பிடித்த கை. தீ ஒழுங்காக நின்றது. வலது காதுகளை வாட்டி, சுரண்டி, மஞ்சள் தேய்த்து, கழுவி, பெட்டியின் மறுபக்கம் வைத்தேன். எந்த இடது காதுக்கு எந்த வலது காது ஜோடி என்று தெரிவதற்கு நூல் கட்டினேன். முதல் ஜோடிக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு.

நாலாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேடத்தின் ஸ்கூட்டி வந்து நின்றது. காதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு பண்ணியிருப்பார் போல. துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, தலைகளைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு, பின்கட்டுக்கு வந்து நின்றார். கடைக்காரர் முன்னாலிருந்து, யாரும்மா அது, என்ன வேணும் என்று கேட்டார். மேடம் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து இடது பக்கத்துக் காதுகளைப் பார்த்தார்.

"இது சுத்தம் பண்ணலயேண்ணா?"

"துளியும் பண்ணலீங்க மேடம்."

"கழுவலயே?"

"தண்ணியே காட்டலீங்க."

மேடம் மூக்கிலிருந்து துப்பட்டாவை எடுத்துவிட்டு ஒரு காதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதிலிருந்து ஓர் உண்ணி மெதுவாக அவர் கையுறை மேல் ஏறியது. அவர் உதறவில்லை. முன்னாலிருந்து கடைக்காரர் காலுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். நான் திரும்பி, வரிசையில் அடுத்திருந்த கால்களை இழுத்துப் போட்டுக்கொண்டு தீயைக் கூட்டினேன்.